விளையாட்டு நினைவில் நிற்கிறது, கோட்பாடு நிற்பதில்லை: குழு அனுபவத்திலிருந்து கருத்துருவுக்குச் செல்லும் வழி எது?

இழையைத் தொடங்கியவர் (குழு நடத்தையியல் ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். நான் இளங்கலை மாணவர்களுக்குக் குழு நடத்தையியல் கற்பிக்கிறேன். கோட்பாட்டை முதலில் விளக்கிவிட்டுப் பிறகு எடுத்துக்காட்டுச் சொல்வதைவிட, மாணவர்களே ஒரு குழுவாக ஒன்றைச் செய்து பார்த்து அதிலிருந்து கோட்பாட்டுக்கு வருவதே நல்லது என்ற நம்பிக்கையோடு பல ஆண்டுகளாக வகுப்பை அமைத்து வருகிறேன். இந்தப் பருவத்தின் விடைத்தாள்களைத் திருத்திய பிறகு அந்த நம்பிக்கையில் ஒரு விரிசல் விழுந்திருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

நான் நடத்திய பயிற்சியை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பதவிக்கு 2 வேட்பாளர்கள். நால்வர் கொண்ட குழு அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் வேட்பாளரைப் பற்றி 8 நிறைகளும் 4 குறைகளும் உண்டு. இரண்டாமவரைப் பற்றி 4 நிறைகளும் 8 குறைகளும் உண்டு. எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்த்தால் முதலாமவரே தகுதியானவர். ஆனால் முதலாமவரின் 4 குறைகளும் நால்வரின் தாளிலும் இருக்கும். அவருடைய 8 நிறைகளோ ஆளுக்கு 2 என்று பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டாமவருக்கு இதன் நேர்மாறு. ஆகவே தனித்தனியே படிக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டாமவரே சிறந்தவராகத் தெரிவார். 1985-ஆம் ஆண்டு ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வின் அமைப்பைத் தழுவி நானே எளிமையாக்கிக்கொண்ட வடிவம் இது.

எதிர்பார்த்தபடியே ஒரே ஒரு குழுவைத் தவிர மற்ற எல்லாக் குழுக்களும் இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தன. தாள்களை அருகருகே வைத்துக் காட்டியபோது வகுப்பே திகைத்துப் போயிற்று. அரை மணி நேரம் உற்சாகமாகப் பேசினோம். அன்றைய வகுப்பு நன்றாக அமைந்தது என்ற நிறைவோடுதான் வீடு திரும்பினேன்.

தேர்வில் நான் கேட்ட வினா வேறொரு சூழலைப் பற்றியது: ஒரே நோயாளியை 3 மருத்துவர்கள் தனித்தனியே பார்த்திருக்கிறார்கள், மூவரும் கூடிப் பேசியும் தவறான முடிவுக்கு வருகிறார்கள், காரணம் என்னவாக இருக்கக்கூடும் என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் மருத்துவர்களின் அனுபவக் குறைவைப் பற்றியும் அதிகாரப் போட்டியைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். வகுப்பில் நடந்த பயிற்சியை விவரிக்கச் சொன்ன மற்றொரு வினாவுக்கோ அதே மாணவர்கள் யார் என்ன சொன்னார் என்பது வரை பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நடந்த கதை அவர்களிடம் இருக்கிறது. அந்தக் கதைக்குள் இருந்த கருத்துரு போய்ச் சேரவில்லை. எங்கே தவறினேன்?

மறுமொழி 1 (பொருளியல் விரிவுரையாளர்)

தங்கள் வினா என்னுடைய வினாவும்கூட என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் துறையின் வரலாற்றிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு நிகழ்வு இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் தம் மாணவர்களையே வாங்குவோராகவும் விற்போராகவும் பிரித்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்து, வகுப்பறையில் சுற்றி நடந்து பேரம் பேசவைத்தார். முடிவுகளை 1948-இல் வெளியிட்டார். விலைகள் கோட்பாடு சொன்ன சமநிலை விலைக்கு, அதாவது வாங்க விரும்பும் அளவும் விற்க விரும்பும் அளவும் ஒத்துப்போகும் விலைக்குச் சென்று சேரவில்லை. போட்டிச் சந்தைக் கோட்பாடு மெய்யான சந்தையை விளக்கப் போதாது என்பதற்கு அதை அவர் சான்றாகக் கொண்டார். அந்த வகுப்பறைச் சந்தைகளில் மாணவராகக் கலந்துகொண்டவர்களில் ஒருவர் வெர்னன் ஸ்மித். அவர் பின்னர் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானதும் 1956-இல் அதே பயிற்சியை 2 மாற்றங்களோடு நடத்தினார்: கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லப்பட வேண்டும்; ஒரே சுற்றோடு நிறுத்தாமல் அதே அட்டைகளோடு பல சுற்றுகள் நடக்க வேண்டும். விலைகள் சுற்றுக்குச் சுற்று சமநிலையை நெருங்கின. அந்தத் தடத்தில் தொடர்ந்த பணிக்காக 2002-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், ஏறத்தாழ ஒரே வகையான அனுபவத்திலிருந்து ஆசிரியர் ஒரு பாடத்தையும் மாணவர் அதற்கு எதிரான பாடத்தையும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். அனுபவத்துக்குள் கருத்துரு தானாக எழுதிவைக்கப்பட்டிருப்பதில்லை. பேரம் பேசியவர்களுக்கு அது வெறும் பேரம்தான். அதைக் கோட்பாடாக மாற்றியது, யார் எந்த விலையில் எப்போது வாங்கினார் என்று எழுதிவைத்த பதிவும், அந்தப் பதிவை ஒரு கணிப்போடு ஒப்பிட்ட செயலும்தான்.

நான் வகுப்பில் செய்வது இதுதான். வாங்குவோர் 8 பேருக்கு 10 முதல் 3 வரை ஆளுக்கோர் எண். அதற்கு மேல் விலை கொடுத்தால் நட்டம். விற்போர் 8 பேருக்கு 2 முதல் 9 வரை; அதற்குக் கீழே விற்றால் நட்டம். ஒவ்வொரு விற்பனையின் விலையையும் ஒரு மாணவர் கரும்பலகையில் வரிசையாக எழுதுவார். முதல் சுற்றில் விலைகள் சிதறிக் கிடக்கும். நான்காவது சுற்றுக்குள் பெரும்பாலும் 6-ஐ ஒட்டி வந்துவிடும். அப்போதும் நான் எதுவும் சொல்லமாட்டேன். அட்டைகளைத் திரும்பப் பெற்று, வாங்குவோர் அட்டைகளை இறங்குவரிசையிலும் விற்போர் அட்டைகளை ஏறுவரிசையிலும் பலகையில் ஒட்டச் சொல்வேன். இரண்டு படிக்கட்டுகளும் 6-இல் சந்திப்பதை அவர்களே காண்பார்கள். தேவை வளைகோடு, அளிப்பு வளைகோடு என்ற சொற்களை அந்தக் கணத்துக்குப் பிறகே உச்சரிப்பேன். தாங்கள் பயிற்சிக்குப் பின் நடத்திய அரை மணி நேர உரையாடலில் இப்படிக் கண்ணால் பார்த்துக் கணக்கிடக்கூடிய பதிவு ஏதேனும் இருந்ததா?

மறுமொழி 2 (இயற்பியல் ஆசிரியர்)

எனக்கு இந்த முறையின் மீதே சில ஐயங்கள் உண்டு. அவற்றை மறைக்காமல் சொல்வதே இந்த உரையாடலுக்குப் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஒன்றைப் புதிதாகக் கற்பவரின் செயல்நினைவு, அதாவது ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடிய அளவு, மிகக் குறுகியது. விதிகளைப் புரிந்துகொள்ள வேண்டும், குழுவில் எழும் பேச்சைப் பின்தொடர வேண்டும், தன் மானத்தையும் காத்துக்கொள்ள வேண்டும், இவற்றுக்கு நடுவே கருத்துருவையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் கடைசியாகச் சொன்னதற்கு இடமே இருக்காது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை ஏறத்தாழ இந்த வாதத்தைத்தான் முன்வைக்கிறது: வழிகாட்டல் குறைந்த கற்பித்தல், முன்னறிவு குறைந்தவர்களுக்கு உதவுவதில்லை. இரண்டாவது, நேரம். ஒரு வகுப்பு நேரம் முழுவதையும் பேரம் பேசச் செலவிட்டால், அந்த நேரத்தில் 6 கணக்குகளைப் படிப்படியாகப் போட்டுக் காட்டியிருக்கலாம். மூன்றாவதுதான் என்னை மிகவும் உறுத்துவது: உற்சாகத்தைக் கற்றலின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். இழையைத் தொடங்கியவர் நிறைவோடு வீடு திரும்பிய நாளில் மாணவர்கள் உண்மையில் என்ன கற்றார்கள் என்பதற்கு எந்த அளவீடும் இல்லை.

நான் இதைக் கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மாணவரின் நேரம் பெரிய முதலீடு. அதை நம் விருப்பத்துக்காகச் செலவிடக் கூடாது என்பதே என் கவலை.

மறுமொழி 3 (இழையைத் தொடங்கியவர்)

பொருளியல் நண்பரின் கேள்விக்கு விடை: இல்லை. என்னிடம் இருந்த ஒரே பதிவு குழுக்களின் இறுதி முடிவு மட்டுமே. யார் எந்தத் தகவலை எத்தனை முறை சொன்னார் என்று எவரும் குறிக்கவில்லை. "நாம் கேட்கத் தவறிவிட்டோம்" என்ற உணர்வோடு உரையாடல் நின்றுபோயிற்று. ஏன் தவறினோம் என்பதற்குள் நாங்கள் இறங்கவேயில்லை என்று இப்போது உணர்கிறேன். இயற்பியல் ஆசிரியர் சொன்ன மூன்றாவது கருத்தை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

மறுமொழி 4 (குழுப் பட்டறை நடத்துநர்)

இந்த இழையை மிகுந்த ஆர்வத்தோடு படித்து வருகிறேன். பதிவு என்ற சொல் வந்ததும் எங்கள் மரபு பிறந்த நிகழ்வு நினைவுக்கு வந்தது. 1946-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்ற ஊரில், இனப் பிரிவினரிடையே நல்லுறவை வளர்க்கும் பணியாளர்களுக்குக் சமூக உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய குழுவினரும் ஒரு பயிற்சி நடத்தினார்கள். பகலில் குழுக்கள் பேசும். ஆய்வாளர்கள் ஓரமாக அமர்ந்து குறிப்பெடுப்பார்கள். மாலையில் ஆய்வாளர்களும் பயிற்சியாளர்களும் மட்டும் கூடி அந்தக் குறிப்புகளை அலசுவார்கள். ஒரு மாலை, பங்கேற்பாளர் சிலர் தாங்களும் இருக்கலாமா என்று கேட்க, லெவின் ஒப்புக்கொண்டார். தம்மைப் பற்றி வாசிக்கப்பட்ட குறிப்பைக் கேட்ட ஒரு பெண், நடந்தது அப்படியன்று என்று மறுத்தார். நோக்கியவர் சொல்வதும் நோக்கப்பட்டவர் சொல்வதும் மோதிய அந்த இடத்தில்தான் உண்மையான கற்றல் நிகழ்கிறது என்று அங்கிருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். அடுத்தடுத்த மாலைகளில் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். லெவின் 1947 பிப்ரவரியில் காலமானார். அந்த ஆண்டுக் கோடையிலேயே மேய்ன் மாநிலத்தின் பெத்தேல் என்ற ஊரில் அவருடைய உடன்பணியாளர்கள் இந்த முறையைத் தனிப் பயிற்சியாக நிலைநிறுத்தினார்கள்.

அந்தப் பகல்களில் அனுபவம் நிறையவே இருந்தது. ஆனாலும் கற்றல் மாலையில்தான் நடந்தது. அதற்குக் காரணம் அந்த அனுபவம் தாளில் இருந்தது, அதை அனுபவித்தவர்களும் அறையில் இருந்தார்கள்.

ஆகவே நான் எந்தப் பயிற்சியை நடத்தினாலும் குழுவில் ஒருவரைப் பேசாத நோக்கராக அமர்த்துகிறேன். அவர் செய்ய வேண்டியது மிக எளியதாக இருக்க வேண்டும். குழுவின் மனநிலையை எழுதுங்கள் என்று சொன்னால் அவர் தம் கருத்தைத்தான் எழுதுவார். யார் யாரைப் பார்த்துப் பேசினார் என்று கோடு போடுங்கள் என்றால் எண்ணிக்கை கிடைக்கும். மீள்நோக்கு உரையாடலில் நான் கேட்கும் வினாக்களும் அதே வரிசையில்தான் செல்லும். முதலில் என்ன நடந்தது என்பதற்கு மேல் எவரையும் பேசவிடுவதில்லை. "அவர் என்னை மதிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் என்ன செய்தார், எந்த நேரத்தில், குறிப்பில் அது இருக்கிறதா என்று கேட்பேன். நடந்தது முழுமையாக மேசைக்கு வந்த பிறகே அது ஏன் நடந்திருக்கும் என்ற கேள்விக்கு இடம் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையில் பொறுமை இழப்பதுதான் புதிய நடத்துநர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. நானும் பல ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறேன், மாணவர்கள் முதல் வியப்பில் இருக்கும்போதே கோட்பாட்டின் பெயரைப் பலகையில் எழுதி, அவர்களுடைய வினாவை முளையிலேயே கிள்ளியிருக்கிறேன்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஒருவரை ஏமாற்றி, பிறகு அவர் ஏமாந்ததைக் காட்டிப் பாடம் நடத்தும் பயிற்சிகள் கூர்மையான ஆயுதங்கள். உளவியலாளர் சாலமன் ஆஷின் கோட்டு நீளச் சோதனையை வகுப்பில் நடத்த விரும்பும் ஆசிரியர்கள் உண்டு; அதில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, எந்தக் கோடு சம நீளம் என்பதற்குத் தவறான விடையையே சொல்வார்கள். பெரும்பான்மையோடு சேர்ந்து தவறான விடையைச் சொன்ன அந்த ஒரு மாணவர் அந்தப் பருவம் முழுவதும் அதைச் சுமப்பார். முழு வகுப்பும் ஒரே பொறியில் சேர்ந்து விழும்படியான பயிற்சியில் எவருக்கும் அவமானம் இல்லை. இழையைத் தொடங்கியவரின் பயிற்சி அந்த வகையில் நல்ல தேர்வு.

மறுமொழி 5 (முதுகலை மாணவி)

ஆசிரியர்கள் மட்டும் பேசும் இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கற்பவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் குழுவில் அதிகம் பேசாதவள். குழுப் பயிற்சி என்றாலே எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேர் விரைந்து பேசி முடித்துவிடுவார்கள், மற்றவர்கள் தலையசைப்போம். பயிற்சியின் முடிவில் ஆசிரியர் "என்ன கற்றீர்கள்?" என்று கேட்கும்போதும் அதே மூவர்தான் விடை சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால், வகுப்பு முழுவதற்கும் புரிந்துவிட்டது என்று ஆசிரியர் நம்பிவிடுவார். என்னைப் போன்றவர்களுக்கு அனுபவமும் பாதி, கருத்துருவும் பாதி.

ஒரே ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் இது நேர்ந்ததில்லை. அவர் பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியே ஒரு தாளில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதச் சொல்வார். அந்தத் தாளை அவர் வாங்குவதில்லை, மதிப்பெண்ணும் இல்லை. பயிற்சி முடிந்ததும் 5 நிமிட அமைதி. அதே தாளில், நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை எழுத வேண்டும். அதன் பிறகே பேச்சு. வாய் திறக்காவிட்டாலும் எனக்கென்று ஒரு கணிப்பு இருந்தது, அது பொய்த்தும் போயிருந்தது. பொய்த்துப்போன என் கணிப்புக்கு விளக்கம் தேடியபோது படித்த கோட்பாடு இன்றும் மறக்கவில்லை.

மறுமொழி 6 (இயற்பியல் ஆசிரியர்)

இந்த மாணவி எழுதியிருப்பது என் துறையில் நான் நன்கு அறிந்த ஒரு முறையோடு அப்படியே பொருந்துவதைப் பார்த்து, என் முதல் மறுமொழியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எரிக் மசூர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்தபோது, சிக்கலான மின்சுற்றுக் கணக்குகளைப் போடத் தெரிந்த மாணவர்கள், ஒரு சாவியை மூடினால் எந்த விளக்கு கூடுதலாக ஒளிரும் என்ற எளிய வினாவில் தடுமாறுவதைக் கண்டார். 1991 முதல் அவர் கையாண்ட முறையில், ஆசிரியர் ஒரு கருத்துரு வினாவைக் கேட்பார். ஒவ்வொருவரும் முதலில் தனியே விடையைத் தேர்ந்தெடுத்துத் தெரிவிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தம் விடைக்கான காரணத்தைச் சொல்லி வாதிட வேண்டும். பிறகு மீண்டும் விடை. ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் முதல் முறையே சரியாகச் சொல்லும் வினாவே வாதத்துக்கு ஏற்றது. அதற்குக் கீழே என்றால் வாதிட ஆதாரம் போதாது, ஆசிரியர் மறுபடியும் விளக்க வேண்டும். வலியவர் மெலியவரை ஒப்புக்கொள்ளவைப்பதுதானே இது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் 2009-இல் மரபியல் வகுப்பொன்றில் நடந்த ஆய்வில், கலந்து பேசிய பிறகு அதே கருத்துருவைச் சோதிக்கும் வேறொரு வினாவைத் தனியே கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் எவருக்கும் சரியான விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் இருந்தது.

நேரச் செலவைப் பற்றி நான் எழுப்பிய கேள்விக்கும் ஓரளவு விடை இருப்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2014-இல் ஃப்ரீமனும் உடனாய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடாகவும், மாணவர்கள் செயலில் ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. உற்சாகம் பற்றிய என் கவலை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது: 2019-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள், தெளிவான விரிவுரையைக் கேட்டவர்கள்தான் நன்றாகப் புரிந்தது என்று நம்பினார்கள். மாணவரின் நிறைவையோ ஆசிரியரின் நிறைவையோ அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்பதில் நான் முன்னைவிட உறுதியாக இருக்கிறேன்.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கமாட்டேன். மேற்கண்ட எல்லா முறைகளிலும் ஆசிரியர் விளக்கும் நேரம் இருக்கிறது. அனுபவத்தைக் கொடுத்துவிட்டு விளக்கத்தைக் கைவிடுபவர், முன்னறிவுள்ள சில மாணவர்களுக்கு மட்டுமே கற்பிக்கிறார்.

மறுமொழி 7 (பொருளியல் விரிவுரையாளர்)

விளக்கம் வேண்டும் என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. அது எப்போது வரவேண்டும் என்பதே கேள்வி. ஷ்வார்ட்ஸும் பிரான்ஸ்ஃபோர்டும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஒரு சாரார் உளவியல் சோதனைகளின் தரவுகளைத் தாமே ஒப்பிட்டு வடிவங்களைத் தேடினார்கள். இன்னொரு சாரார் அதே பொருள் பற்றிய பாடத்தைப் படித்துச் சுருக்கி எழுதினார்கள். பிறகு இரு சாராருக்கும் ஒரே விரிவுரை. புதிய சூழலில் என்ன நடக்கும் என்று கணிக்கச் சொன்னபோது தரவுகளோடு மல்லுக்கட்டியவர்களே முன்னால் நின்றார்கள். தரவுகளை ஒப்பிட்டுவிட்டு விரிவுரை கேட்காதவர்களோ பின்தங்கினார்கள். அதாவது தேடலும் வேண்டும், அதன் பிறகு சொல்லித்தருதலும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று வீணாகிறது. கல்வி ஆய்வாளர் மனு கபூர் பயன்மிகு தோல்வி (முதலில் தாமே முயன்று தவறி, பிறகு விளக்கம் பெறுவது) என்று அழைப்பதிலும் இதே வரிசைதான் இருக்கிறது.

இழையைத் தொடங்கியவரின் பாடத்தில் சொல்லித்தர வேண்டிய கோட்பாடு மிகவும் அழகானது. பொதுத் தகவல் ஏன் அதிகம் பேசப்படுகிறது? எவரும் கெட்டவர் இல்லை, எவரும் சோம்பேறி இல்லை. ஒருவர் தம்மிடமுள்ள ஒரு தகவலைக் கூட்டத்தில் குறிப்பிடும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று கொள்வோம். ஒருவரிடம் மட்டும் இருக்கும் தகவல் வெளிவரும் வாய்ப்பு 50 விழுக்காடு. நால்வரிடமும் இருக்கும் தகவல் வெளிவராமல் போக வேண்டுமானால் நால்வருமே அதை விட்டுவிட வேண்டும். அதற்கு வாய்ப்பு 16-இல் 1 மட்டுமே, ஆகவே அது வெளிவரும் வாய்ப்பு ஏறத்தாழ 94 விழுக்காடு. இந்த ஒரு கணக்கைத் தங்கள் மாணவர்கள் தம் கையாலேயே போட்டிருந்தால் மருத்துவர்களின் கூட்டத்தைப் பார்த்ததும் அதே கணக்கு நினைவுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மறுமொழி 8 (இழையைத் தொடங்கியவர்)

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். வேறொரு பிரிவுக்கு அதே பாடம் வந்தபோது உங்கள் எல்லோருடைய சொல்லையும் எடுத்துக்கொண்டேன்.

குழுவுக்கு நால்வரோடு ஒரு நோக்கரையும் சேர்த்தேன். மாணவி சொன்னபடி, தங்கள் குழு சரியான முடிவுக்கு வருமா, ஏன் என்று ஒவ்வொருவரும் முதலில் எழுதினார்கள். நால்வர் சேர்ந்தால் ஒருவரைவிடக் கூடுதலாகத் தெரியும், ஆகவே சரியாகவே முடியும் என்பதே ஏறத்தாழ எல்லோருடைய கணிப்பும். நோக்கரிடம் எல்லாத் தகவல்களின் பட்டியலும் இருந்தது. ஒரு தகவல் பேசப்படும்போதெல்லாம் அதன் அருகே ஒரு கோடு போடுவது மட்டுமே அவர் வேலை.

முடிவு முன்போலவே இருந்தது. ஆனால் இம்முறை திகைப்போடு நிற்கவில்லை. நோக்கர்களின் தாள்களைச் சுவரில் ஒட்டினோம். நால்வரிடமும் இருந்த தகவல்களின் அருகே கோடுகள் கொத்துக்கொத்தாக இருந்தன. ஒருவரிடம் மட்டும் இருந்தவற்றின் அருகே ஒரு கோடு, அல்லது வெறுமை. ஒரு மாணவர் முன்வந்து, ஒரு தாளில் மட்டும் ஒற்றைத் தகவல் ஒன்றின் அருகே இருந்த ஒரே கோட்டைச் சுட்டி, "இதைச் சொன்னவர் யார், சொன்ன பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அதைச் சொன்ன மாணவர், தாம் சொன்னபோது எவரும் தலையசைக்கவில்லை, தம் தாளிலேயே ஏதோ பிழை இருக்குமோ என்று எண்ணி விட்டுவிட்டதாகச் சொன்னார். கணக்கு மட்டும் சொல்லாத ஒன்றை அந்த விடை சொல்லிவிட்டது: பொதுத் தகவல் வெளிவருவது எளிது என்பதோடு, வெளிவந்ததும் மற்றவர்களின் ஒப்புதலையும் பெறுகிறது, தனித் தகவல் வெளிவந்தாலும் ஆதரவின்றி மடிகிறது. அதன் பிறகுதான் அந்த 94-க்கும் 50-க்குமான கணக்கைப் போட்டோம். அதன் பிறகுதான் மறைந்த தகவல் என்ற பெயரைச் சொன்னேன். விளக்கத்துக்கு 20 நிமிடம் எடுத்துக்கொண்டேன். வழக்கமாக நான் எடுப்பதைவிட அது அதிகம்.

மருத்துவர்கள் வினாவை இப்பிரிவுக்கும் கொடுத்தேன். பாதிக்கும் மேற்பட்டோர் மூவரிடமும் பொதுவாக இருந்த அறிகுறிகளைப் பற்றியே பேசியிருக்கக்கூடும் என்று காரணம் எழுதினார்கள். சிலர் தீர்வும் சொல்லியிருந்தார்கள்: கூட்டத்தைத் தொடங்கும்போதே, எனக்கு மட்டும் தெரிந்தது என்ன என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்று. எஞ்சியவர்கள் இன்னும் அதிகாரப் போட்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். இவ்விரு பிரிவினரும் வேறுவேறு மாணவர்கள் என்பதால் இதைச் சான்று என்று சொல்லமாட்டேன்.

மறுமொழி 9 (இயற்பியல் ஆசிரியர்)

சான்று என்று சொல்லாததற்கு என் மதிப்பு. எஞ்சிய அந்த மாணவர்களைப் பற்றியே எனக்குச் சிந்தனை ஓடுகிறது. அவர்கள் ஒரே ஒரு சூழலில் மட்டும் கருத்துருவைப் பார்த்திருக்கிறார்கள்; வேட்பாளர் தேர்வு என்ற உடையோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர்வுக்கு முன்பே, தோற்றத்தில் தொடர்பில்லாத இரண்டாவது சூழல் ஒன்றைக் கொடுத்து, இதற்கும் அன்று செய்ததற்கும் பொதுவானது எது என்று குழுவாகவே தேடவைத்தால் என்ன? முழுப் பயிற்சி தேவையில்லை. ஒரு பக்கக் கதை போதும்.

மறுமொழி 10 (முதுகலை மாணவி)

அந்த இரண்டாவது சூழலை மாணவர்களையே உருவாக்கச் சொல்லலாமா? ஒவ்வொரு குழுவும் தன் வாழ்வில் பார்த்த ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, யாரிடம் மட்டும் எந்தத் தகவல் இருந்தது என்று நோக்கர் தாளைப் போலவே ஒரு பட்டியல் போட வேண்டும். பட்டியல் போட முடியாத குழுவுக்குக் கருத்துரு இன்னும் பிடிபடவில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

மறுமொழி 11 (இழையைத் தொடங்கியவர்)

அடுத்த வாரம் அதையே செய்கிறேன். நோக்கர் பட்டியலில் கடைசி இரண்டு வரிகளை வெறுமையாக விட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றை எவரேனும் சொன்னால் அங்கே எழுதச் சொல்லப் போகிறேன். சென்ற முறை இரண்டு நோக்கர்கள் அதற்கு இடமில்லாமல் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.